எட்டாயிரம் மீட்டர் ஒன்றுகூட ஏறாதவருக்கு வாழ்நாள் விருதா? ஹரிஷ் கபாடியாவை முன்வைத்து

கல்வராயன் (இழையைத் தொடங்கியவர்)

மலையேற்றம் என்று இங்கே இழை தொடங்கினாலே எவரெஸ்ட், கே2, யார் எத்தனை சிகரம் என்றுதான் பேச்சு ஓடுகிறது. கொஞ்சம் வேறு பக்கம் போவோம்.

ஹரிஷ் கபாடியா. 1945இல் பிறந்தவர், மும்பைக்காரர், தொழில் துணி வியாபாரம். 2003இல் லண்டன் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி அவருக்கு பேட்ரன்ஸ் மெடல் கொடுத்தது. 2017இல் சியோலில் ஆசியாவுக்கான தங்கப் பனிக்கோடரி (பியோலே தோர்) வாழ்நாள் விருது. இத்தனைக்கும் உலகில் எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் பதினான்கில் ஒன்றின் உச்சியிலும் அவர் நின்றதில்லை. அவர் செய்தது வேறு. இமயத்தில் யாரும் அதிகம் போகாத பள்ளத்தாக்குகளுக்குள் போவார், கணவாய்களைக் கடப்பார், போன வழியை எழுதி வைப்பார். அடுத்தவர்கள் போன வழியையும் கேட்டு வாங்கி, சரிபார்த்து, அச்சில் ஏற்றுவார். ஹிமாலயன் கிளப்பின் ஆண்டிதழான ஹிமாலயன் ஜர்னலை 1980களிலிருந்து முப்பதாண்டுக் காலத்தின் பெரும்பகுதி நடத்தியவர் அவர்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாழ்நாள் விருது என்று ஒன்று இருந்தால், அது இப்படிப்பட்டவருக்குத்தான் முதலில் போக வேண்டும். ஏறியவனோடு முடிந்துபோகிற சாதனை ஒரு வகை. பின்னால் வருகிறவனுக்கு வழிச்சோறாக மிஞ்சுவது இன்னொரு வகை. உங்கள் கருத்து என்ன?

பனிப்புலி

மரியாதையாவே மறுக்கிறேன் அண்ணே. தங்கப் பனிக்கோடரி வாழ்நாள் விருதோட ஆரம்பப் பட்டியலைப் பாருங்க. 2009இல் வால்டர் பொனாட்டி, 2010இல் மெஸ்னர், 2011இல் டக் ஸ்காட். மெஸ்னர் 1986லயே பதினாலு எட்டாயிரத்தையும் முடிச்சவர். 2019இல் வாங்கின வியெலிட்ஸ்கி 1980 பிப்ரவரியில, கடுங்குளிர்காலத்துல, எவரெஸ்ட் மேல நின்ன முதல் ரெண்டு பேர்ல ஒருத்தர். அந்த வரிசையில பத்திரிகை ஆசிரியரை எப்படி வைக்கிறது? எழுதறதுக்குத் தனியா விருது இருக்கட்டும், நானே கைதட்டறேன். ஆனா மலையேறிக்குக் கொடுக்கிற கோடரியை மலையேறிக்குக் கொடுங்க.

கல்வராயன்

தம்பி, அந்தப் பட்டியலை இன்னும் கொஞ்சம் கீழே படித்திருக்கலாம். 2016இல் வாங்கியவர் போலந்தின் வோய்ச்சேக் குர்த்திகா. அவர் பெயர் நிலைத்ததே 1985இல் ராபர்ட் ஷாவருடன் கஷெர்ப்ரும் 4இன் மேற்குச் சுவரில் ஏறியதால். அந்தச் சிகரம் 7,925 மீட்டர், எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதிலும் இருவரும் சுவரை முடித்தார்களே தவிர உச்சிக்குப் போகவில்லை. சோறு தீர்ந்து, தண்ணீர் காய்ச்ச எரிவாயு தீர்ந்து, புயலில் மாட்டி, உயிர் பிழைத்தால் போதும் என்று இறங்கினார்கள். இன்றைக்கும் இமய ஏற்றங்களில் மிகச் சிறந்தவற்றில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

அப்படியானால் உயரமும் அளவுகோல் இல்லை, உச்சியும் அளவுகோல் இல்லை. மேலே உள்ளவர்களே அதை ஒப்புக்கொண்டு ரொம்ப நாளாகிறது. நாம்தான் இன்னும் மீட்டர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

குறிஞ்சிப்பூ

குர்த்திகா பெயர் வந்ததால் ஒரு சேதி. அந்த விருதைப் பல ஆண்டுகள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர். மலையேற்றம் கலை மாதிரி, அதை வரிசைப்படுத்திப் பரிசு கொடுப்பது அதைக் கெடுத்துவிடும் என்பது அவர் கட்சி. கடைசியில் 2016இல் ஏற்றுக்கொண்டார். எனக்கு அந்த மறுப்பைத்தான் அதிகம் பிடித்திருந்தது, சொல்லிவிடுகிறேன்.

2020இல் வாங்கிய கேத்தரின் தெஸ்திவெல்லையும் பாருங்கள். அந்த வாழ்நாள் விருதைப் பெற்ற முதல் பெண். ஆல்ப்ஸில் தனியாக ஏறியவர், பிற்பாடு மலை நூல்களுக்கென்றே ஒரு பதிப்பகம் நடத்துகிறார். எழுத்தும் ஏற்றமும் அங்கே தனித்தனி அறையில் குடியிருக்கவில்லை.

மாட்டுங்கா மைந்தன்

நான் மும்பையில் பிறந்து வளர்ந்தவன், அதனால் உள்ளூர் சாட்சி ஒன்று.

இங்கே மலைப் பித்து பிடித்தவர்கள் இமயத்தில் தொடங்குவதில்லை. சனிக்கிழமை ராத்திரி கடைசி லோக்கல் பிடித்து கர்ஜத்திலோ கசாராவிலோ இறங்கி, விடிவதற்குள் ஏதாவது ஒரு கோட்டையின் அடிவாரத்துக்குப் போய்விடுவோம். ராஜ்மாச்சி, ஹரிஷ்சந்திரகட், கல்சுபாய். கல்சுபாய் 1,646 மீட்டர்தான், மகாராஷ்டிராவிலேயே உயரம் அதுதான். கபாடியாவும் இந்தச் சஹ்யாத்ரியில்தான் நடக்கத் தொடங்கினார். அந்த மலைகளுக்கு அவர் போட்ட வழிகாட்டி நூல் எங்கள் செட்டில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து நைந்துபோனது. எந்த ஊரில் பஸ் நிற்கும், தண்ணீர்த் தொட்டி எங்கே, எந்தப் பக்கம் ஏறினால் பாறையில் மாட்டிக்கொள்வோம், எல்லாம் அதில் உண்டு. செல்போனில் வரைபடம் இல்லாத காலம் அது. கடைசி பஸ் நேரத்தை ஒருவர் போய்ப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார் என்பதன் அருமை, ராத்திரி ஊர் எல்லையில் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

பனிப்புலி சொல்வதில் ஒரு தவறு இருக்கிறது. அவர் மலையேறி இல்லை என்று யார் சொன்னது? 1974இல் நந்தாதேவி சரணாலயத்தின் (நந்தாதேவி சிகரத்தைச் சுற்றி மலைவளையத்துக்குள் அடைபட்ட பள்ளத்தாக்கு) தெற்கு விளிம்பில் இருக்கிற தேவ்தோலி (6,788 மீ) ஏறியிருக்கிறார். இறங்கும்போது பனிப்பிளவில் விழுந்து இடுப்பு மூட்டு நழுவியது. கூட வந்தவர்கள் 13 நாள் தூக்கிச் சுமந்து அடிவார முகாமுக்குக் கொண்டுவந்தார்கள், அங்கிருந்து ஹெலிகாப்டர். பிறகு இரண்டு வருஷம் ஊன்றுகோலோடு நடந்தார். அதோடு கடையில் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இமயத்தில் செய்த பெரிய வேலைகளில் முக்கால்வாசி அந்த ஊன்றுகோலைக் கீழே வைத்த பிறகு செய்தவை.

பனிப்புலி

தேவ்தோலி சேதி எனக்குப் புதுசு. இருந்தாலும் என் கேள்வி அப்படியே நிக்குது. நல்ல மலையேறி, துணிச்சல்காரர், சரி. உலக அளவுல வாழ்நாள் விருதுக்கு அது போதுமா?

வாசகன்78

ஒரு சின்னக் கேள்வி. ஜர்னல் நடத்துவது அவ்வளவு பெரிய காரியமா? வருகிற கட்டுரைகளைத் தொகுத்து அச்சுக்குக் கொடுப்பதுதானே?

மாட்டுங்கா மைந்தன்

வாசகன் சார், அப்படித் தோன்றும். உள்ளே போனால் வேறு.

ஹிமாலயன் கிளப் தொடங்கியது 1928. அடுத்த ஆண்டே ஜர்னல் வந்தது, முதல் ஆசிரியர் கென்னத் மேசன். வெள்ளைக்கார சர்வே அதிகாரிகள், ராணுவக்காரர்கள், வனத்துறைக்காரர்கள் நடத்திய கிளப். 1947க்குப் பிறகு அவர்கள் கப்பலேறிப் போனார்கள். கிளப் அதோடு மூடப்பட்டிருக்க வேண்டியது. அதைத் தாங்கிப் பிடித்துக் கைமாற்றி வந்தவர்களில் பெரும் பங்கு மும்பைக் கோஷ்டிக்கு உண்டு. ஜகதீஷ் நானாவதி, சோலி மேத்தா, பிறகு கபாடியா. எல்லாருக்கும் வேறு வேலை இருந்தது. கிளப் வேலைக்குச் சம்பளம் கிடையாது.

ஜர்னலில் ஒரு வரி வந்தால் அது சாட்சி. இன்னார் இந்த ஆண்டு இந்த முகட்டு வழியாக இந்த உயரம் வரை போனார்கள் என்று பதிவாகும். பொய்யாக "உச்சி தொட்டோம்" என்று எழுதிக் கொடுப்பவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. நானாவதி அதைப் பிடிப்பதில் மன்னன். புகைப்படத்தின் கோணத்தையும் பின்னால் தெரிகிற சிகரங்களையும் வைத்தே, இது உச்சியில் எடுத்ததா கீழே எடுத்ததா என்று கணக்குப் போடுவார். மலையேற்றத்துக்கு நடுவர் கிடையாது, கேமரா வைத்த மைதானம் கிடையாது. நம்பிக்கைதான் முதல். அந்த முதலைக் காவல் காத்தவர்களுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

இன்னொன்று. பழைய தொகுதிகள் எல்லாம் இப்போது கிளப்பின் தளத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன.

குறிஞ்சிப்பூ

இதோடு பேட்ரன்ஸ் மெடலையும் சேர்த்துப் பாருங்கள். அதே பதக்கம் 1877இல் யாருக்குப் போனது தெரியுமா? பண்டிட் நயின் சிங். குமாவுனில் ஜோஹார் பள்ளத்தாக்கின் மிலம் ஊர்க்காரர். சர்வே ஆஃப் இந்தியா அவரை வேடம் போடச் சொல்லித் திபெத்துக்குள் அனுப்பியது. ஒரு மைலுக்கு இரண்டாயிரம் காலடி விழும்படி சீராக நடக்கப் பழக்கினார்கள். ஜபமாலையில் 108 மணிக்குப் பதில் 100 மணி. நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளுவார். குறிப்புகளைப் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் ஒளித்துவைத்தார். லாசாவின் இடமும் உயரமும் வரைபடத்தில் ஏறியது இந்த நடையால்.

நயின் சிங்கும் சிகரம் ஏறுகிற போட்டியில் இல்லை. நடந்தார், அளந்தார், எழுதினார். 126 ஆண்டு கழித்து அதே பதக்கம் நடந்து எழுதுகிற இன்னொரு இந்தியருக்கு வந்தபோது, கொடுத்தவர்களுக்கு என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கல்வராயன்

அருமை. இதைத்தான் நான் சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கபாடியா அருணாசலத்தில் செய்ததும் இந்த வகைதான். 1913இல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் சாங்போ நதியை (பிரம்மபுத்திராவுக்குத் திபெத்தில் அதுதான் பெயர்) துருவிக்கொண்டு போன தடத்தைத் தேடிப்போய் நடந்தார். சாங்போ இந்தியாவுக்குள் நுழைந்து சியாங் ஆகிற இடத்துக்கும் போனார். அங்கே ஏற சிகரம் இல்லை. மழை, அட்டை, மூங்கில் பாலம், வழுக்குப் பாறை. கோப்பையில் குடிக்கிற தண்ணீர்கூட ஈரக்காட்டு வாசனை அடிக்கும். போய் வந்தால் படம் போட்டுக் காட்ட வெள்ளைச் சிகரம் ஒன்றும் இருக்காது.

பனிப்புலி

இதுல எனக்கு வேற ஒரு உறுத்தல் இருக்கு, அதையும் போட்டு வைக்கிறேன். எல்லைப் பகுதி பள்ளத்தாக்குகளுக்கு இன்னர் லைன் பெர்மிட் வேணும், ராணுவ அனுமதி வேணும். சாதாரண பையன் கேட்டா கோப்பு நகராது. மும்பை கிளப்புக்குத் தில்லியில ஆளத் தெரியும். யாரும் போகாத இடத்துக்குப் போனார்னு புகழறோம். யாரையும் விடலை, அவரை விட்டாங்க. ரெண்டும் ஒண்ணா?

மாட்டுங்கா மைந்தன்

நியாயமான கேள்வி. வசதி, தொடர்பு எல்லாம் அவருக்கு இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. 1985இல் கிழக்குக் காரகோரத்தில் ரிமோ மலைத்தொடருக்கு இந்திய-பிரிட்டிஷ் குழுவைக் கூட்டிப்போனபோது சியாச்சினில் சண்டை தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே அனுமதி வாங்க அவரால் முடிந்தது, என்னால் முடியாது. ரிமோ 1 (7,385 மீ) அந்த முறை கிடைக்கவில்லை, 1988இல் இந்திய-ஜப்பான் குழுதான் ஏறியது.

ஆனால் உள்ளே போனவர் வெளியே வந்து கதவைச் சாத்தவில்லை. வழி, முகாம் இடம், ஆற்றில் எந்த நேரத்தில் தண்ணீர் குறையும் என்பது வரை எழுதிப் போட்டார். அனுமதி கெடுபிடியைக் குறைக்கச் சொல்லி அதே ஆள்தான் ஆண்டுக்கணக்காகக் கத்திக்கொண்டும் இருந்தார். தொடர்பு இருந்த எத்தனையோ பேர் போனார்கள், வந்தார்கள், வரவேற்பறையில் படம் மாட்டினார்கள். அவர்கள் போன இடம் நமக்குத் தெரியவே தெரியாது.

ஓய்வுபெற்ற சுபேதார்

சியாச்சின் என்ற பெயர் வந்துவிட்டதால் எழுதுகிறேன். நான் அந்தப் பனியாற்றில் பணி செய்தவன். கபாடியா சாரின் மலைப் பணிக்குத் தலை வணங்குகிறேன். அவருடைய மகன் லெப்டினன்ட் நவாங் கபாடியா கூர்க்கா ரைபிள்ஸ் அதிகாரி, 2000 நவம்பரில் காஷ்மீரில் குப்வாரா பக்கம் தீவிரவாதிகளோடு நடந்த சண்டையில் வீரமரணம் அடைந்தார். சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு கபாடியா சார் சியாச்சினை இரு நாடும் சேர்ந்து பாதுகாக்கும் அமைதிப் பூங்காவாக ஆக்க வேண்டும் என்று பேசத் தொடங்கினார். மகனைப் பறிகொடுத்த தகப்பன் பழிவாங்கு என்று சொல்லாமல் அமைதி என்று சொன்னது பெரிய விஷயம்.

ஆனால் அந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் சொல்கிறேன். சிம்லா ஒப்பந்தத்துக்குப் பின் 1972இல் வரைந்த கோடு என்ஜே9842 என்ற புள்ளியில் நின்றுவிட்டது. அதற்கு மேலே 1949 கராச்சி ஒப்பந்தத்திலேயே "வடக்கே பனியாறுகளை நோக்கி" என்று மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிட்டார்கள். 1984 ஏப்ரலில் நாம் மேக்தூத் நடவடிக்கையில் சால்டோரோ முகட்டைப் பிடித்தோம். இன்றும் உயரம் நம் கையில். இறங்குவதற்கு முன்னால் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை வரைபடத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடு என்று நாம் கேட்கிறோம். பாகிஸ்தான் போட மறுக்கிறது. கையெழுத்து இல்லாமல் இறங்கினால், நாளை அவர்கள் ஏறி உட்கார்ந்தால், மறுபடி அந்த முகட்டைப் பிடிக்க எத்தனை பிள்ளைகள் போக வேண்டும்?

குறிஞ்சிப்பூ

சுபேதார் ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் ஒன்றுமில்லை. ஒரு விஷயம் மட்டும். 2003 நவம்பர் போர்நிறுத்தத்துக்குப் பின் அங்கே உயிர்களைக் கொண்டுபோனது பெரும்பாலும் பனிச்சரிவும் குளிரும் உயரமும்தான். 2012இல் கயாரியில் பனிச்சரிவு பாகிஸ்தான் பக்கம் 140 பேரைப் புதைத்தது. 2016 பிப்ரவரியில் சோனம் சாவடியில் 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனின் பத்துப் பேர். அதில் நால்வர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். அந்த வாரம் முழுக்க நம் ஊர்த் தொலைக்காட்சிகள் வேறு எதையும் பேசவில்லை, நினைவிருக்கும்.

இதைப் பனியாற்றின் பக்கம் நின்று பார்க்கிற ஒரு மலையேறி, ஒப்பந்தம் எப்படி என்பதை அரசுகள் பார்க்கட்டும், இந்த நிலை தொடரலாமா என்று கேட்பது தவறில்லை அல்லவா?

ஓய்வுபெற்ற சுபேதார்

கேட்பது தவறில்லை அம்மா. கேட்க வேண்டியவர்தான் அவர். நான் மறுப்பது விடையை. அந்தப் பத்துப் பேரில் இருந்தவர்களின் ஊருக்கு நானும் போய் வந்தேன். அதற்கு மேல் இங்கே எழுத விருப்பமில்லை.

கல்வராயன்

நன்றி ஐயா.

இதில் இன்னொரு மலையேறியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. கர்னல் நரேந்திர 'புல்' (காளை என்று பட்டப்பெயர்) குமார். 1961இல் நீலகண்டத்தில் பனிக்கடியில் கால்விரல்களை இழந்தவர். 1978இல் சியாச்சினுக்குள் ராணுவ மலையேற்றக் குழுவைக் கூட்டிப்போனார். பாகிஸ்தான் அந்தப் பக்கம் வெளிநாட்டுக் குழுக்களுக்கு அனுமதி கொடுத்துக்கொண்டிருந்ததும், அமெரிக்க வரைபடங்கள் கோட்டை என்ஜே9842இலிருந்து நேரே காரகோரம் கணவாய்க்கு இழுத்திருந்ததும் வெளிச்சத்துக்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு. அவர் கொண்டுவந்த வரைபடங்களும் படங்களும் பிறகு மேக்தூத்துக்கு உதவின. 2020 டிசம்பர் 31இல் காலமானார்.

ஒரே பனியாறு. ஒருவர் குறிப்பு படைக்கு வழி சொன்னது, இன்னொருவர் குறிப்பு படை விலக வழி தேடியது. இரண்டு பேரும் மலையை எழுதியவர்கள்தான். யாருக்குக் கூடுதல் மரியாதை என்று நான் கேட்கப் போவதில்லை. மலை எழுத்து ஏதோ ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்காகச் சொன்னேன்.

வாசகன்78

புல் குமார் பெயர் வந்தால் எம்.எஸ். கோலி பெயரும் வர வேண்டும். 1965இல் அவர் தலைமையில் எவரெஸ்ட் வெற்றி, ஒன்பது பேர் உச்சியில். அதே ஆண்டு நந்தாதேவியில் சிஐஏவுக்காகப் புளூட்டோனியக் கருவி வைக்கப் போய் அது தொலைந்த கதை இருக்கிறதே, அதைப் பற்றி...

மட்டுறுத்துநர்

வாசகன்78, அது தனி இழை கேட்கிற கதை. புதிதாகத் தொடங்குங்கள், நானே வந்து படிக்கிறேன். இங்கே தலைப்பை விட்டு விலக வேண்டாம்.

கொட்டாங்கச்சி

இவ்வளவு நேரம் படிச்சுட்டு மட்டும் இருந்தேன். எல்லாரும் நல்லா பேசுறீங்க, ஆனா ஒரு கேள்வி யாருமே கேக்கல. 13 நாள் தூக்கிட்டு வந்தாங்கன்னு மாட்டுங்கா அண்ணன் ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டாரு. தூக்கினவங்களுக்கு என்ன விருது?

பியோலே தோர் பட்டியல் முழுக்கப் பாருங்க. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான்ல ஒருத்தர். அந்த மலையடிவாரத்துல பொறந்தவங்க பேரு அந்த வரிசையில நான் பார்த்த வரைக்கும் இல்ல. 1953இல எவரெஸ்ட் ஏறுனதுக்கு ஹிலாரிக்கும் ஹன்ட்டுக்கும் சர் பட்டம். டென்சிங்குக்கு ஜார்ஜ் மெடல். கூட நின்னு ஏறுனவருக்கு ஒரு படி கீழ. ஹன்ட் உச்சிக்குக்கூடப் போகல, குழுத் தலைவரு.

1934இல ஷிப்டன், டில்மன்னு ரெண்டு வெள்ளைக்காரங்க நந்தாதேவி சரணாலயத்துக்குள்ள முதல்ல நுழைஞ்சாங்கன்னு எல்லாரும் எழுதுறாங்க. கூட நுழைஞ்ச மூணு ஷெர்பாக்கள் யாரு? ஆங் தார்க்கே, பசாங், குசாங். அஞ்சு பேர் போனாங்க, ரெண்டு பேர் கண்டுபிடிச்சாங்க. இது என்ன கணக்கு?

பனிப்புலி

கொட்டாங்கச்சி, சரியான அடி. இதுல நான் உங்க பக்கம்.

மாட்டுங்கா மைந்தன்

மறுக்க முடியாத கேள்வி. முழுப் பதில் என்னிடம் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஹிமாலயன் கிளப் 1930களின் கடைசியில் ஷெர்பாக்களுக்கு 'டைகர்' பட்டமும் பதக்கமும் கொடுக்கத் தொடங்கியது. டென்சிங் 1938 எவரெஸ்ட் பயணத்துக்குப் பின் அதை வாங்கியவர். பசாங் கிகுலி என்றொரு ஷெர்பா, 1939இல் கே2வின் மேல் முகாமில் சிக்கிய டட்லி வுல்ஃப் என்ற அமெரிக்கரைக் காப்பாற்ற மறுபடி மேலே ஏறி, திரும்பி வரவே இல்லை. அந்தக் காலத்தில் டார்ஜிலிங்கில் கிளப்பின் உள்ளூர்ச் செயலாளர்கள் ஷெர்பாக்களின் பதிவேடு வைத்திருந்தார்கள். யார் எந்தப் பயணத்துக்குப் போனார், எப்படி நடந்துகொண்டார் என்று அதில் எழுதுவார்கள். எசமான் கணக்குதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் பதிவேடும் ஜர்னலும் இல்லையென்றால் நீங்கள் மேலே எழுதிய மூன்று பெயர்கூட நமக்குக் கிடைத்திருக்காது.

கபாடியாவுக்கு வருவோம். அவர் பயணக் குறிப்புகளில் குமாவுனின் ஹர்கோட் கிராமத்து ஆட்கள் வருஷா வருஷம் பெயரோடு வருவார்கள். "போர்ட்டர்கள் சிலர்" என்று போகாது. 1992இல் குமாவுனின் பாஞ்சுலி சிகரங்களுக்குக் கிறிஸ் போனிங்டன் என்ற பிரிட்டிஷ் மலையேறியோடு சேர்ந்து அவர் நடத்திய இந்திய-பிரிட்டிஷ் பயணத்தில், பாஞ்சுலி 2இன் தென்மேற்கு முகட்டில் ஏறிய மூன்று இந்தியரில் ஒருவர் பசாங் போத், மணாலிக்காரர். அந்தப் பெயர் மற்ற இருவர் பெயரோடு ஒரே வரியில்தான் இருக்கிறது. (அதே பயணத்தில்தான் பாஞ்சுலி 5இல் ஸ்டீபன் வெனபிள்ஸ் கயிற்றில் இறங்கும்போது பிடிமானம் பெயர்ந்து விழுந்து இரண்டு காலும் உடைந்தது. விமானப்படை ஹெலிகாப்டர் ஒற்றைச் சறுக்குக்கட்டையைப் பனிச்சரிவில் ஊன்றியபடி அவரைத் தூக்கியது. அந்த விமானிகளுக்கும் யாராவது விழா எடுக்க வேண்டும்.)

கொட்டாங்கச்சி

பெயர் எழுதுறது நல்லது, இல்லைங்கல. ஆனா எழுதுற கை இன்னும் அவங்க கை இல்ல. நவாங் கோம்பு எவரெஸ்டுல ரெண்டு தடவ நின்ன முதல் ஆளு, 63லயும் 65லயும். டார்ஜிலிங் மலையேற்றப் பள்ளியில எத்தனை பேருக்குக் கயிறு கட்டச் சொல்லிக் கொடுத்திருப்பாரு. வாழ்நாள் முழுக்க சொல்லிக் கொடுத்தது பண்பாட்டுப் பணி இல்லையா? மலைப் பண்பாடுன்னா எழுதறவனுக்குத்தான்னு ஆயிட்டா, எழுதாத சனம் மறுபடி வெளிய நிக்கும். கல்வராயன் அண்ணன் சொல்ற அளவுகோலுல இருக்கிற ஓட்டை இதுதான்.

கல்வராயன்

ஓட்டை இருக்கிறது. எழுத்து என்பதை அகலப்படுத்திக்கொள்கிறேன்: அடுத்தவன் எடுத்து நடக்கும்படி விட்டுப்போனது எதுவானாலும். கோம்புவின் மாணவர்கள் அந்தக் கணக்கில் வருவார்கள், டக் ஸ்காட் நேபாளத்தில் கட்டிய சுகாதார நிலையங்கள் வரும், கபாடியாவின் ஜர்னல் தொகுதிகளும் வரும். பதினான்கு சிகரப் பட்டியல் மட்டும் வராது. மெஸ்னர் வருவார், அது அவர் கட்டிய மலை அருங்காட்சியகங்களுக்காக.

பனிப்புலி

மெஸ்னரை அருங்காட்சியகத்துக்காகச் சேர்த்துக்கறேன்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான் அண்ணே. 1980இல தனியா, ஆக்சிஜன் இல்லாம, எவரெஸ்ட். அது அடுத்தவனுக்கு ஒண்ணும் விட்டுப்போகலையா? "முடியும்"னு காட்டினதே விட்டுப்போனதுதான். இதுல உங்களோட ஒத்துப்போக மாட்டேன்.

ஆனா கபாடியாவுக்குக் கொடுத்தது தப்புன்னு இனிமே சொல்ல மாட்டேன். அது ஆசிய விருதுங்கறதையும் கவனிச்சேன்.

மேகமலை

எங்க பக்கத்துக்கு வரேன். சஹ்யாத்ரியோட தெக்கு வாலுதான் நம்ம மேற்குத் தொடர்ச்சி. 2018 மார்ச்சுல குரங்கணித் தீக்குப் பிறகு காட்டுக்குள்ள நடக்கறதுக்குக் கட்டுப்பாடு இறுகிடுச்சு. அது வேணும்தான், உயிர் போச்சு. இப்ப அரசே வழித்தடம் அறிவிச்சு இணையத்துல பதிவு பண்ணிப் போகச் சொல்லுது. ஆனா அந்த மலையில முந்தி யார் எந்த வழியா போனாங்க, எந்தப் பாதை எந்த ஊரு சந்தைக்குப் போச்சு, எந்தப் பாறைக்கு என்ன பேரு, இதையெல்லாம் வழிகாட்டற பழங்குடிப் பெரியவங்க வாயிலதான் கேக்கணும். எங்க ஊருல அப்படி ஒரு பெரியவர்கிட்ட ஒரு ஓடையோட பேரு கேட்டா, மழைக்காலத்துக்கு ஒரு பேரு, கோடைக்கு ஒரு பேரு சொல்றாரு. வரைபடத்துல அந்த ஓடையே இல்ல.

கொட்டாங்கச்சி

மேகமலை அண்ணே, அவர்கிட்ட ஒக்காந்து பதிவு பண்ணுங்க. அவரு பேரைப் போட்டே, அவரு சம்மதத்தோட.

மேகமலை

பண்ணலாம்னுதான். வனத்துறை அனுமதி, அவரோட நேரம் ரெண்டும் கூடணும். எப்படி எழுதறதுன்னு மாதிரி ஏதாவது இருக்கா? ஜர்னல்ல எங்க தொடங்கினா நல்லது?

மாட்டுங்கா மைந்தன்

முதல் பக்கத்திலிருந்து படித்தால் தூங்கிவிடுவீர்கள். ஒரு பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு ஆண்டு வாரியாகப் படியுங்கள். நந்தாதேவி சரணாலயத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1934 நுழைவு, 1974இல் மறுபடி திறந்ததும் வந்த பயணங்கள், 1983இல் மூடியது. ஒரே ரிஷி கங்கை மலையிடுக்கை ஒவ்வொருவரும் எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். பின்பக்கங்களில் சின்ன எழுத்தில் வரும் பயணக் குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். தேதி, வழி, முகாம், தண்ணீர், ஆட்கள் பெயர், அவ்வளவுதான் இருக்கும். உங்களுக்கு வேண்டிய மாதிரி அதுதான்.

ஓடைக்கு இரண்டு பெயர் என்றால் இரண்டையும் எழுதுங்கள், எந்த மாதம் எது என்பதையும்.

குறிஞ்சிப்பூ

அந்த டைகர் பதக்கம் வாங்கியவர்களின் முழுப் பட்டியல் எந்தத் தொகுதியில் இருக்கிறது, யாருக்காவது தெரியுமா? கொட்டாங்கச்சி கேட்டதற்குத் தனியாக ஒரு இழை தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

மாட்டுங்கா மைந்தன்

1930களின் கடைசித் தொகுதிகளில் கிளப் செய்திகள் பகுதியைப் பாருங்கள். நானும் தேடிப் பார்த்துவிட்டு உங்கள் இழையில் போடுகிறேன்.